ரோட்டுக்கு ஒரு லைட், கரைக்கு ஒரு லைட்

தில்லை நகரில் ஹபீபுல்லாவின் சைக்கிள் கடைக்குள் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக நான் நுழைந்தபோது, மனிதர் எழுந்து நின்றே விட்டார். மரியாதை என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"சொல்லுங்க மேடம். இதுவும் பத்தலையா?"

"பத்தலை. லைட்டுன்னு சொல்லி மின்மினிப்பூச்சிய டப்பாவுல அடைச்சுக் கொடுத்திருக்கீங்க."

ஹபீபுல்லாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பச்சைமலை அடிவாரம் வரை மிதித்துவிட்டு வருகிற ஆள். லைட்டைப் பற்றி அவரிடம் கேட்டால் டாக்டர் மாதிரி நம்மையே திருப்பிக் கேள்வி கேட்பார். எந்த வழியா போறீங்க? எவ்வளவு நேரம்? எதிர்ல வண்டி வருமா? மேல கிளை தாழ்ந்திருக்குமா? முதல் தடவை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சைக்கிளுக்கு ஒரு விளக்கு வாங்க வந்தவளிடம் இத்தனை விசாரணையா என்று சண்டைக்கே போனேன்.

"அப்படி இல்ல மேடம்" என்று அன்று பொறுமையாகச் சொன்னார். "ரோட்டு லைட்டுக்கு வெளிச்சம் மேல்பக்கம் கத்தரிச்ச மாதிரி நிக்கணும். தரையில மட்டும் விழணும். எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிச்சா அவங்க நம்ம மேலயே வந்து விழுவாங்க. மண்பாதைக்கு வேற லைட்டு. அது நாலாபக்கமும் பரவும். குழி, வேர், தலைக்கு மேல கிளை எல்லாம் தெரியும். ரோட்டுக்கு எதிராளி கண்ணு முக்கியம். மண்பாதைக்கு நம்ம கண்ணு முக்கியம்."

எங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் பெலிண்டாவுக்கும். நான் போன ஜூனில் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து அதே வருடம் வெளியே வந்தாள். இரண்டு பேருக்கும் அறுபது முடிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து முசிறி வரை சைக்கிளில் போவதாகத் திட்டம். கொள்ளிடம் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, சேலம் ரோட்டில் மேற்கே போக வேண்டும். லாரித் தொல்லை தாங்காத இடத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் வாய்க்கால் கரை மண்பாதையில் போய் மறுபடி ரோட்டில் ஏறலாம். பகலில் கிளம்பினால் ஒரு லைட்டும் வேண்டாம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு நாற்பத்து மூன்று வயது.

எண்பத்திரண்டில் நாங்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தோம். எனக்கு வீடு மேலூர் ரோட்டில். பெலிண்டாவின் அப்பா ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்தார், அதனால் அவளுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். சாயங்காலம் ஆறரைக்கு வகுப்பு விட்டுக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது இருட்டிவிடும். அவள் சைக்கிளில் டைனமோ உண்டு. என் சைக்கிளில் பெல்லே சரியாக அடிக்காது, இதில் டைனமோவுக்கு எங்கே போவது? விளக்கில்லாமல் போகிற சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்தி வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அதனால் பாலத்து முனையில் தொப்பி தெரிந்தால் நான் குதித்து இறங்கி, பரம சாது மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டுவேன். தாண்டியதும் ஒரே தாவு. பெலிண்டா சிரித்துக்கொண்டே மெதுவாக மிதிப்பாள். மெதுவாக மிதித்தால் டைனமோ வெளிச்சம் மங்கும். "சீக்கிரம் வாடி, விளக்கு சாகுது" என்று கத்துவாள். சக்கரத்தில் உரசுகிற அந்த ர்ர்ர் சத்தமும், கீழே ஆற்றுத் தண்ணீரும், எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே போகும் அந்த மஞ்சள் வெளிச்சமும் இப்போதும் கண்ணை மூடினால் வந்துவிடும். அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முசிறியில் அவளுடைய அத்தை இருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடிந்த மறுநாள் சைக்கிளிலேயே அங்கே போய்விட்டு வருவது என்று முடிவு செய்தோம். விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் சந்திப்பது. விளக்கு வைத்த பிறகு வாசலில் நின்றாலே கேள்வி கேட்கிற வீடு எங்களுடையது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. முந்தின ராத்திரியே என் சைக்கிள் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைத் தாயத்து மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு படுத்தார். பெலிண்டா ஸ்டேஷன் வாசலில் ஆறு மணி வரை நின்றிருக்கிறாள். நான் இருட்டில் தேடுவேனே என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி விளக்கை எரியவிட்டுக்கொண்டே நின்றாளாம். அதற்கு அடுத்த மாதம் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. எனக்குக் கல்யாணம் வந்தது.

பிறகு எத்தனையோ வருடம் கழித்து அவள் திருச்சிக்கே திரும்பி வந்து மேலப்புதூரில் குடியேறினாள். வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டோம், பிள்ளைகளின் கல்யாணங்களில் ஓடியாடி வேலை செய்தோம். ஆனாலும் அந்த நாலு மணி மட்டும் எனக்குள் ஆறாமலே கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றுவதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டு, "முசிறிக்குப் போறோம்டி. அதே நாலு மணி, அதே இருட்டு" என்றேன். "நாலு மணிக்கேவா?" என்றாள். பிறகு, "போலாம்டி" என்றாள்.

மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்து, கார்த்திகைக் கடைசியில் ஒத்திகையை ஆரம்பித்தோம். ஞாயிறுதோறும் அவள் முந்தின நாள் சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவாள். விடியற்காலையில் மேலூர் தாண்டி வாழைத்தோப்புகளுக்கு நடுவே கரையில் போய்வருவோம். ஹபீபுல்லா முதலில் கொடுத்த மண்பாதை லைட் எனக்குக் கச்சிதமாக இருந்தது. பெலிண்டா, "பத்தலடி, பாதையே தெரியல" என்றாள். உடனே கடைக்கு ஓடி அதைவிடப் பெரியதாக ஒன்று மாற்றி வந்தேன். அதுவும் பத்தவில்லை என்றாள். என் கண்ணுக்குப் பாதையில் கிடக்கிற ஆட்டுப் புழுக்கை வரை தெரிந்தது. இவள் ஏன் இப்படிப் படுத்துகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோபத்தை அவளிடம் காட்ட மனமில்லாமல் மொத்தமாக ஹபீபுல்லாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன்.

நான் கவனித்திருக்க வேண்டும். ஆறு மாதமாக அவள் சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குப் போவதை விட்டுவிட்டுக் காலைப் பூசைக்கு மாறியிருந்தாள். எங்கள் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியை விடுவதே இல்லை. டீ டம்ளரை நீட்டினால் என் கையைப் பார்த்து வாங்காமல், என் குரல் வரும் பக்கம் பார்த்து வாங்குவாள். எல்லாம் என் கண் எதிரே நடந்தது. எனக்கோ நாலு மணி தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"நாலு மணிக்கே கிளம்பணுமா மேடம்?" என்று ஹபீபுல்லாவும் அந்த மூன்றாவது முறை கேட்டார். "ஆறு மணிக்குப் போனா உங்க ஃப்ரெண்டுக்கு இவ்வளவு வெளிச்சம் தேவைப்படாதே."

"லைட்டு விக்கிறவர் லைட்ட விக்கணும். நேரம் குறிச்சுக் கொடுக்க ஸ்ரீரங்கத்துல ஜோசியக்காரங்க இருக்காங்க" என்றேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

அவர் பெருமூச்சு விட்டு, உள்ளேயிருந்து ஹெல்மெட்டில் மாட்டுகிற லைட் ஒன்றை எடுத்தார். காட்டு வழியில் போகிறவர்கள் மாட்டுவது. தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் திரும்பும். கடையின் பின்பக்க இருட்டு அறையில் போட்டுக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரில் ராகு காலம் வரை படிக்க முடிந்தது. "ஒண்ணு சொல்லிடறேன். இத ரோட்டுல போடாதீங்க. பனி இருந்தாலும் போடாதீங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. பெலிண்டாவின் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே டவுன் பஸ் ஏறினேன்.

மார்கழி இரண்டாவது ஞாயிறு. மேலூர் கரையில் நல்ல பனி. வாழை இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் லைட்டை அவள் தலையில் நானே மாட்டி, பொத்தானை முழுசாக அழுத்திவிட்டேன். "இப்ப சொல்லு, பத்துதா பத்தலையா?" என்றேன். அவள் பெடலில் காலை வைத்தாள். "போலாம்" என்றாள். நான் முன்னால் போனேன். அந்த வெளிச்சம் பனியில் பட்டு அவள் முகத்துக்கு நேராகவே திரும்பி அடித்திருக்கிறது. வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள். பாதை இடப்பக்கம் வளைகிற இடத்தில் நான் வளைந்தேன். அவள் நேராகப் போனாள்.

முதலில் சைக்கிள் விழுந்த சத்தம், பிறகு வாழை முறிகிற சத்தம். போட்டது போட்டபடி ஓடினேன். கரைச் சரிவில் உருண்டு, ஒரு வாழையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தாள். முழங்கையில் ரத்தம். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, வாய்தான் வரும்.

"கண்ணு என்ன பொடனியிலயாடி இருக்கு? இவ்வளவு பெரிய வளைவு தெரியல? தலையில சூரியனையே கட்டிவிட்டிருக்கேன்!"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். லைட்டை அணைக்க விரலால் தடவித் தடவிப் பொத்தானைத் தேடினாள். அது அவள் கண்ணுக்கு முன்னால்தான் எரிந்துகொண்டிருந்தது. குனிந்து நானே அதை அணைத்தேன்.

"தெரியலடி" என்றாள். "நெஜமாவே தெரியல. ரெண்டு வருஷமாச்சு."

கரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணின் பின்னால் இருக்கிற திரை தேய்ந்துகொண்டே வருகிறதாம். அவள் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இருந்ததாம். முதலில் இருட்டுப் பார்வை போகும், பிறகு ஓரங்கள் போகும், நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும், அதுவும் சுருங்கும். வலது ஓரம் ஏற்கெனவே பாதி போய்விட்டது. இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டதற்கு டாக்டர் சரியாகச் சொல்லவில்லை. மூன்றோ, நான்கோ, அதற்கும் மேலோ.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அதே நாலு மணி, அதே இருட்டுன்னு சின்னப் பொண்ணு மாதிரி குதிச்சே. லைட்டு பெருசா இருந்தா எப்படியாவது சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். நீயும் பெருசு பெருசா வாங்கிட்டே வந்தே."

இரண்டு வருடமாக இருட்டைக் கண்டு நடுங்குகிறவளை இருட்டில் இறக்கி, பின்னால் வா வா என்று கத்தியிருக்கிறேன். எதற்கு? என் அப்பா போட்ட பூட்டுக்கு நாற்பத்து மூன்று வருடம் கழித்துப் பழி தீர்க்க. அவள் உயிரையே கேட்டிருக்கிறேன், அவளும் கொடுக்கத் தயாராக வந்திருக்கிறாள். என்மீது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"முசிறியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "நாளைக்கே எல்லா லைட்டையும் அந்தாளுகிட்ட திருப்பிக் கொடுத்துடறேன்."

அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கணக்கு டீச்சர் கோபம். குரல் உயராது, ஆனால் வகுப்பே அடங்கிவிடும்.

"யாருடி வேண்டாம்னா? ஒண்ணு உன் இஷ்டத்துக்கு இழுப்பே, இல்லன்னா உன் இஷ்டத்துக்கு நிறுத்துவியா? முசிறிக்குப் போகணும். ஆனா பகல்ல போகணும். இருட்டுதான் எனக்கு நெறைய வரப்போகுதே. அத முன்கூட்டியே போய்ப் பாத்துட்டு வரணுமா? எனக்கு ஆத்தப் பாக்கணும் யமுனா. ரோட்டப் பாக்கணும். தெரியறப்பவே பாத்துடணும்."

தைப் பொங்கல் முடிந்த வாரம் நாள் குறித்தோம். அதற்கு முன் ஹபீபுல்லாவிடம் நான்காவது முறை போனேன், இந்தத் தடவை பெலிண்டாவையும் கூட்டிக்கொண்டு. நடந்ததைச் சொல்லி, பனியைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்காமல் விட்டது என் தப்பு என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்பது எனக்குக் கைவந்த கலை இல்லை. அவர் தர்மசங்கடமாக நெளிந்துவிட்டு, நேராக வேலையில் இறங்கினார்.

"பகல்ல போனாலும் லைட்டு வேணும் மேடம்" என்று பெலிண்டாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட்டை மாட்டினார். உச்சி வெயிலிலும் கண்ணில் குத்துகிற மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. "இது நாம பாக்கறதுக்கு இல்ல. லாரிக்காரங்க நம்மள பாக்கறதுக்கு. நீங்க உங்க ஃப்ரெண்டுக்கு வலது பக்கமாவே, அரை சைக்கிள் பின்னாடி வாங்க. அவங்களுக்குத் தெரியாத பக்கம் உங்க பக்கம்." பிறகு பெலிண்டாவிடம் திரும்பி, கையில் பிடித்திருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறிவிட்டிருந்தது. கொள்ளிடம் பாலத்தின் நடுவிலேயே இறங்கிவிட்டாள். கைப்பிடிச் சுவரோரம் நின்று மணல் திட்டையும், அதற்கு நடுவே ஒதுங்கி ஓடுகிற தண்ணீரையும், துணி அலசுகிறவர்களையும், தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் தெரியாதவள் பார்க்க வேண்டுமென்றால் தலையைத்தான் திருப்ப வேண்டும். டோல்கேட்டில் கரும்பு ஏற்றிய லாரியைப் பார்க்க நின்றாள். வாத்தலைக்கு முன்னால் வாழைத்தார் ஏலம் போடுகிற இடத்தில் நின்றாள். வாய்க்கால் கரையில் ஒரு மீன்கொத்திக்காகக் கால் மணி நேரம் நின்றாள். வழக்கமான யமுனாவாக இருந்தால், "இப்படி நின்னா முசிறி போய்ச் சேர மாசியாயிடும்" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அவளுக்கு வலது பக்கமாக, அரை சைக்கிள் பின்னால் நின்றேன். நேரம் என்னுடையது இல்லை.

முசிறியை அடையும்போது பன்னிரண்டரை. கால் இரண்டும் என்னுடையவை என்று சொல்ல முடியாது. அத்தை போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது, போக வேண்டிய வீடு என்று ஊரில் எதுவும் இல்லை. நேராகக் காவிரிப் படித்துறைக்குப் போய் நிழலில் சைக்கிள்களைச் சாய்த்தோம். நான் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நரைமுடி பிசுபிசுவென்று நெற்றியில் ஒட்டியிருந்தது, ஹெல்மெட் வார் தாடையில் தடம் போட்டிருந்தது.

"யமுனா, இந்தப் பக்கம் திரும்பு" என்றாள். "வெயில்ல வந்து நில்லு."

"எதுக்குடி?"

"உன்னப் பாக்கணும்."

"தெனம் பாக்கற மூஞ்சிதானே? அதுலயும் இன்னிக்கு மகா லட்சணம்."

"பேசாம நில்லுடி."

போட்டோ எடுக்கக் கூப்பிட்டாலே ஓடி ஒளிகிறவள் நான். கல்யாண ஆல்பத்தில்கூட எல்லாப் படத்திலும் தரையைத்தான் பார்த்திருப்பேன். அன்று அந்தப் படித்துறையில், உச்சி வெயிலில், தலையை நிமிர்த்தி அவள் முகத்துக்கு நேராக நின்றேன். அவள் கிட்டே வந்து, என் நெற்றியிலிருந்து ஆரம்பித்துத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். புருவம், மூக்குத்தி, வாய், தாடைத் தடம். அவசரமே இல்லை அவளுக்கு. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் முகம் மறையுமே என்று, அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.